கீழே நிற்பவரின் படம்

செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் படம் காட்ட முடியாது என்பதைச் சென்ற மார்கழியில்தான் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சு நூறாண்டு கழிந்தும் கண்ணாடிபோல் மின்னுவதால், புரொஜெக்டரின் ஒளி அதில் பட்டுப் பார்ப்பவர் கண்ணிலேயே திரும்ப விழுகிறது. கடைசியில், காரைக்குடியில் உள்ள உறவினர் வீட்டு வளவில் இரண்டு தூண்களுக்கிடையே ஓர் எட்டு முழ வேட்டியைக் கட்டி, அதன்மேல்தான் படங்களைப் பார்த்தோம். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் ராமநகரத்துப் பாறைகளில் ஏறப் போகும் என் தம்பி மகன், பத்து நிமிடத்திலிருந்து அரைமணி வரை ஓடும் பாறையேற்றக் குறும்படங்கள் ஐந்தாறைக் கொண்டுவந்திருந்தான். மூன்றாவது படம் முடிந்ததும், அதுவரை ஒன்றும் பேசாதிருந்த ஆச்சி அவனைக் கேட்டார்: “மேலே ஏறுறவன் பேரைத்தான் சொல்றாங்க. கீழே கயிறைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறானே, அவனுக்குச் சம்பளம் உண்டாப்பா?”

சம்பளம் இல்லை என்றும், இவர் இறங்கியபின் அவர் ஏறுவார், அப்போது இவர் கீழே நின்று பிடிப்பார் என்றும் பையன் விளக்கினான். “அப்ப மொய் மாதிரின்னு சொல்லு” என்று ஆச்சி முடித்துவிட்டார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைத் தலைமுறை கடந்தும் ஏட்டில் குறித்து வைத்திருக்கும் ஊரில் வளர்ந்தவருக்கு அந்த ஒப்புமை உடனே வந்ததில் வியப்பில்லை. எனக்கோ, பாறையேற்றத்தைப் பற்றி நான் படித்திருந்த பலவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் தெளிவாக இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தனி மனிதரின் துணிச்சலாகத் தோன்றும் இந்த விளையாட்டு, உள்ளே ஒரு கொடுக்கல் வாங்கலாக நடக்கிறது; அதைப் பற்றிய நல்ல குறும்படங்கள் உண்மையில் காட்டுவதும் அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

கீழே நிற்பவர் செய்யும் வேலைக்கு ‘பிலே’ என்று பெயர். ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு, பாறையில் சில அடிக்கொன்றாக அடித்திருக்கும் ஆணிகளில் மாட்டிய கொக்கிகள் வழியே கீழே வந்து, பிலே செய்பவரின் இடுப்பில் உள்ள சிறு உலோகக் கருவிக்குள் நுழைகிறது. ஏறுபவர் நகர நகர இவர் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். விழுந்தால் அந்தக் கணமே கருவி கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்படி கையை வைத்திருக்க வேண்டும். கடைசியாக மாட்டிய கொக்கிக்கு மேலே ஏறுபவர் இரண்டு மீட்டர் போயிருந்தால், விழும்போது அந்தக் கொக்கிக்குக் கீழேயும் இரண்டு மீட்டர் போவார். கயிற்றின் தொய்வும் நீட்சியும் அதோடு சேரும். பாறையேற்றக் கயிறு ரப்பரைப்போல ஓரளவு நீளும்படி நெய்யப்படுகிறது. நீளாத கயிற்றில் விழுந்தால் இடுப்பெலும்பும் முதுகும் அந்த அதிர்ச்சியைத் தாங்கா. தேர்ந்த பிலேயர் விழும் கணத்தில் தாமும் லேசாக எம்பி, அந்த அதிர்ச்சியை இன்னும் குறைத்துக் கொடுப்பார். மணிக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வருகிறது என்பதற்காக, நேரே பார்த்தாலே மேலே இருப்பது தெரியும்படி பட்டகம் பொருத்திய மூக்குக் கண்ணாடியே இவர்களுக்கென்று விற்கிறது. கயிறே இல்லாத குட்டைப் பாறைகளில் ஏறும் ‘போல்டரிங்’ வகையிலும் ஆள் துணை உண்டு. கீழே மெத்தை விரிப்பவரும், விழுபவரின் தலை மெத்தைக்கு வெளியே போகாதபடி கைகளை உயர்த்தி நிற்பவரும் இல்லாமல் அங்கே யாரும் கடினமான பாறையில் கை வைப்பதில்லை.

இப்படங்கள் ஏன் குறும்படங்களாகவே இருக்கின்றன என்பதற்கு விளையாட்டின் இயல்பிலேயே விடை இருக்கிறது. நான்கைந்து மீட்டர் உயரப் போல்டரில் ஏறி முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. முப்பது மீட்டர் வழி ஒன்றை ஏற, இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்துச் சில நிமிடங்களிலிருந்து அரைமணி வரை ஆகலாம். ஒலிம்பிக்கில் இடம்பெற்ற வேகப் போட்டியில் முன்னணி ஆண் வீரர்கள் 15 மீட்டர்ச் சுவரை 5 விநாடிக்குள் ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் மாதங்களும் ஆண்டுகளும் இருக்கும். செக் நாட்டின் ஆடம் ஓண்ட்ரா, நார்வேயின் ஃப்ளாட்டாங்கர் குகையில் 2017 செப்டம்பரில் ஏறி முடித்த வழி, வழிகளின் கடினத்தை அளக்கும் பிரெஞ்சு அளவுகோலில் 9சி என்ற தரம் அதுவரை எங்கும் வழங்கப்படாத நிலையில் அத்தரம் பெற்ற முதல் வழி. அதற்காக அவர் திரும்பத் திரும்ப நார்வே போனார். முழங்காலை எப்படி விரிசலில் பூட்டுவது என்பதற்காக மட்டுமே தனிப் பயிற்சி செய்தார். நீண்ட தோல்வி, குறுகிய வெற்றி என்ற இந்த விகிதம் இரண்டரை மணி நேரக் கதைப்படத்துக்குப் பொருந்தாது. பதினைந்து நிமிடத்தில் தோல்விகளைச் சுருக்கிக் காட்டி, வெற்றியைச் சுருக்காமல், அது நடந்த நேரத்துக்கே ஓட விடலாம். சிறுகதைக்கு உகந்த பொருளை நாவலாக நீட்டினால் என்னாகுமோ அதுதான் இங்கும் ஆகிறது. முழுநீளப் பாறையேற்றப் படங்கள் பலவற்றில் நடுப்பகுதி தளர்ந்து கிடப்பதற்குக் காரணம் அதுவே என்பது என் எண்ணம்.

இவ்வகைப் படங்களுக்கு வயது குறைவு என்று சொல்ல முடியாது. இத்தாலியின் திரெந்தோ நகரில் 1952 முதலே மலைப் படங்களுக்கென்று விழா நடந்து வருகிறது. கனடாவின் பான்ஃப் நகர விழா 1976-இல் தொடங்கியது. ஆனால் பாறையில் ஏறும் உடலின் அசைவையே ஒரு படத்தின் பொருளாக்கலாம் என்று பரவலாகக் காட்டியது 1982-இல் பிரான்சில் வந்த ஒரு தொலைக்காட்சிக் குறும்படம். பத்ரிக் எட்லிஞ்சர் என்ற இளைஞர் தெற்குப் பிரான்சின் சுண்ணாம்புக் கல் செங்குத்துகளில் கயிறின்றி ஏறுவதை அது காட்டியது. உச்சியைப் பிடிப்பது, கொடி நடுவது என்ற படையெடுப்பு மனநிலை அதில் இல்லை. நாட்டியக்காரரைப் படம் பிடிப்பதுபோல எடுத்திருந்தார்கள். அதன்பின் வீடியோ கேசட் காலமும் குறுந்தகடு காலமும் வந்து போயின. அமெரிக்காவில் இரண்டு சிறு தயாரிப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2006-இல் ரீல் ராக் என்ற பெயரில் ஒவ்வோர் ஆண்டும் சில குறும்படங்களைத் தொகுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிடத் தொடங்கியது முக்கியமான திருப்பம். பாறையேற்றக்காரர்கள் ஒரு நகரத்தில் சிலநூறு பேர்தான் இருப்பார்கள்; அவர்கள் ஆண்டுக்கொருமுறை ஒரே அரங்கில் கூடிச் சிரித்தும் கத்தியும் பார்க்கும் நிகழ்ச்சியாக அது மாறியது. காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கக் கம்பன் விழாவைச் சொன்னால் போதும். கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையைத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து கேட்கத்தான் போகிறோம்.

படம் எடுக்கும் தொழில்நுட்பத்தில் முதல் சிக்கல், கீழிருந்து எடுத்தால் ஏறுபவரின் பின்புறம் மட்டுமே தெரியும் என்பது. முகமும் விரல்களும் தெரிய வேண்டுமானால் ஒளிப்பதிவாளர் அவருக்கு மேலேயோ பக்கவாட்டிலோ தொங்க வேண்டும். அதற்கு அவர் வேறு வழியாக முன்கூட்டியே உச்சிக்குப் போய், ஒன்றுக்கு இரண்டாகத் தாங்குபுள்ளிகள் அமைத்து, நீளாத வகைக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் பற்றுக்கருவிகளை மாட்டி மேலும் கீழுமாக நகர்ந்துகொள்கிறார். ஏறுபவரின் கயிறு நீள வேண்டும், எடுப்பவரின் கயிறு நீளக் கூடாது என்பது இத்தொழிலின் பாலபாடம். லென்ஸ் மூடியிலிருந்து மின்கலம் வரை அவர் கையில் உள்ள ஒவ்வொன்றும் சிறு நாடாவால் உடம்போடு கட்டப்பட்டிருக்கும். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் மின்கலம் கீழே நிற்பவரின் தலைக்குக் கல்தான்.

இரண்டாவது சிக்கல் சரிவைக் காட்டுவது. நேர் எதிரே நின்று எடுத்தால் லென்ஸ் பாறையைத் தட்டையாக்கிவிடும். தொண்ணூறு பாகைச் செங்குத்தும் எழுபது பாகைச் சரிவும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் அடிவானமோ, ஒரு மரமோ, நேராகத் தொங்கும் கயிறோ சட்டகத்துக்குள் வரும்படி பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். தொங்கும் கயிறு கொத்தனாரின் தூக்குக்குண்டு போல வேலை செய்து, பாறை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். நம் பக்கத்துப் பாறைகளுக்கு இது பெருந்தொல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரக் குன்றுகள் பெரும்பாலும் கிரானைட், நைஸ் வகையைச் சேர்ந்தவை. ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேல் சுமை அரித்துப் போனபின் விரிந்து, வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரிந்துகொண்டே வருவதால் அவை உருண்டு, வழுவழுப்பாக, பிடிமானம் இல்லாத மொட்டைச் சரிவுகளாக நிற்கின்றன. இங்கே ஏறுவதற்குக் கையின் வலு உதவாது. காலணி ரப்பருக்கும் கல்லுக்கும் உள்ள உராய்வை நம்பி, உடலின் எடையைப் பாதத்தின்மேல் சரியாக வைத்து, பதறாமல் நிற்கத் தெரிய வேண்டும். நின்று பார்த்தவருக்குத்தான் அதன் பயம் தெரியும். திரையிலோ, யாரோ ஒருவர் சாய்ந்த தரையில் மெதுவாக நடந்து போவதுபோல் இருக்கும். கூரை முன்சாய்ந்த குகைகளில் தலைகீழாகத் தொங்கும் ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வழுக்குப்பாறையின் அச்சத்தை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து ஒரே விடை ஒலி: காலணி அரை விரற்கடை வழுக்கும் ‘சர்’ என்ற சத்தம், அதற்கு முன்னும் பின்னும் மூச்சு, கீழேயிருந்து ‘நிதானம், நிதானம்’ என்று வரும் குரல்.

ட்ரோன் வந்தபின் இக்கஷ்டங்களில் பாதி தீர்ந்தது உண்மை. ஆனால் எல்லாப் படங்களும் ஒரே படம்போல ஆனதும் அதனால்தான். பறவைப் பார்வையில் ஒரு மனிதர் புள்ளியாகச் சுருங்கும் காட்சி முதல்முறை சிலிர்க்க வைக்கும். ஐந்தாம்முறை சுற்றுலா விளம்பரமாகிவிடும்.

படம் எடுப்பவரும் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு உட்பட்டவர்தான் என்பதை 2017 ஜூன் 3-ஆம் நாள் உலகத்துக்கே காட்டியது. கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் சுமார் 900 மீட்டர் உயர எல் கேப்பிடன் பாறையை அலெக்ஸ் ஹானால்ட் கயிறே இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறினார். அதைப் பதிவுசெய்த முழுநீளப் படம் 2019-இல் ஆஸ்கர் விருது பெற்றது. ஒளிப்பதிவாளர்கள் எல்லோரும் பாறையேற்றக்காரர்கள், அவருடைய நண்பர்கள். தங்கள் கேமரா கண்ணில் பட்டு அவர் கவனம் சிதறிவிடக்கூடாது என்று, மிகக் கடினமான இடத்தில் ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயங்கும் கேமராவை வைத்தார்கள். தரையில் நின்று எடுத்தவர்களில் ஒருவர் பார்க்கத் துணிவில்லாமல் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஏறியவரின் முகத்தைவிட, திரும்பிக்கொண்ட அந்த நண்பரின் முகம்தான் பலர் நினைவில் நிற்கிறது. அதே பாறையின் மற்றொரு முகத்தில், 2015 ஜனவரியில் 19 நாட்களில் ஏறி முடித்த டாமி கால்டுவெல், கெவின் ஜோர்கெசன் இருவரின் செய்தி இன்னும் பொருத்தமானது. பதினைந்தாவது பகுதியில் ஜோர்கெசன் நாள்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தார். அதைத் தாண்டிவிட்ட கால்டுவெல், பல ஆண்டுக் கனவு கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது, தனியாக உச்சிக்குப் போகாமல் கூட்டாளிக்காகப் பாறையில் தொங்கவிட்ட கூடாரத்திலேயே காத்திருந்தார். பாறையேற்ற உலகம் அவரைக் கொண்டாடுவதில் அந்தக் காத்திருப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மூரிலும், கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனைக் கயிறு கட்டி மீட்ட கதையைச் சொல்லி 2024-இல் வந்த மலையாளப் படத்தைத் தமிழ்நாடு தன் படமாகவே ஏற்றுக்கொண்டது, கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த கூட்டத்துக்காகத்தான்.

சமூகம் என்ற சொல்லை இப்படங்கள் மலிவாகவும் பயன்படுத்துகின்றன என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இவற்றில் பெரும்பாலானவை காலணி, கயிறு, குளிராடை, ஊக்கபானம் விற்கும் நிறுவனங்களின் பணத்தில் வருபவை. வெயில் சாயும் நேரத்தில் தீ மூட்டி, கிட்டார் வாசித்து, ஒரே நிறுவனத்தின் மேலாடை அணிந்த ஐந்து பேர் கட்டிக்கொள்வதைக் காட்டிவிட்டுச் சமூகம் என்று எழுத்துப் போட்டால் அது விளம்பரம். படத்தில் யாராவது யாருக்காவது ஏதாவது விட்டுக்கொடுக்கிறார்களா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இடது முழங்கைக்குக் கீழே கையில்லாமல் பிறந்த மொரீன் பெக் தம்மை ‘ஊக்கமூட்டும் கதை’யாக ஆக்க விடாமல், வெறும் பாறையேற்றக்காரராகத் தோற்றும் திட்டியும் சிரித்தும் முயலும் 2017-ஆம் ஆண்டுக் குறும்படம் அத்தகையது. மேற்குக்கரையில் பாலஸ்தீன இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பாறைகளில் வழிகளை உருவாக்குவதைக் காட்டும் 2023-ஆம் ஆண்டுப் படத்தில், பாறைக்குப் போய்ச் சேரும் பாதையே ஏற்றத்தைவிடக் கடினமானதாக இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அருகிலிருந்து எடுத்த காட்சிகளில் பல, ஏறி முடித்தபின் மறுநாள் மீண்டும் ஏறச் சொல்லி எடுத்தவை. அதில் குற்றமில்லை, ஆனால் உண்மையான ஏற்றம் எது, நடிப்பு எது என்பதை மறைக்கும் படத்தை இக்கூட்டத்தார் மன்னிப்பதில்லை. சாட்சியின் சொல்லை நம்பியே சாதனைகள் பதிவாகும் விளையாட்டு இது.

இனி நம் குன்றுகளுக்கு வருவோம். பாறையேறுதல் வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் மலைபடுகடாத்தைப் புரட்டிப் பார்க்கலாம். குரங்கும் ஏறமாட்டாமல் கைசோர்ந்த நெடுவரையில், கணுக்களையே படியாகக் கொண்ட மால்பு என்னும் மூங்கில் ஏணியை வழியாக நிறுத்தி மலைவாணர் தேன் எடுத்ததை அது சொல்கிறது. சித்தன்னவாசலில் மலையுச்சியைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இருக்கும் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்துக்குப் பெயரே, பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்தது. இன்று கம்பித்தடுப்பு இருக்கிறது. அது இல்லாத காலத்தில் ஒருபுறம் பாறை, மறுபுறம் வெறுவெளி என்று இருந்த அந்த ஒற்றைத்தட வழியே போய்த்தான் சமணத் துறவிகள் கற்படுக்கைகளில் தவமிருந்தார்கள். அங்கே தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்றைய பாறையேற்ற அறத்தில், வசதிக்காகப் பாறையைச் செதுக்கிக் கைப்பிடியோ கால்குழியோ உண்டாக்குவதுதான் மிகப்பெரிய பாவம். உடல் பாறைக்கு ஏற்ப மாற வேண்டுமே தவிர, பாறையை உடலுக்கேற்ப மாற்றக் கூடாது என்பார்கள். அந்தக் கணக்கில் ஏழடிப்பட்டத்துத் துறவிகள் தோற்றுப்போவார்கள்! குடைவரை குடைந்த பாண்டியர் காலத்துக் கல்தச்சர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உயரத்தில் உடலை நம்பிப் பிழைப்பவர்கள் இப்பகுதியில் இன்றும் உண்டு. காலில் தளைநார் மாட்டிப் பனையேறுபவர் நாளொன்றுக்குப் பல மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். அவருக்குக் கீழே கயிறு பிடிப்பவர் யாருமில்லை. கோகுலாஷ்டமி உறியடியன்று எண்ணெய் தடவிய வழுக்குமரத்தைச் சுற்றி இளைஞர்கள் தோள்மேல் தோளாக நிற்பதை நான் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். மறுநாள் வரும் படத்தில் பரிசு முடிப்பைப் பறித்தவன் மட்டும் இருப்பான்; தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க மூன்று பேரின் எடையைச் சுமந்து அடியில் நின்றவன் இருக்க மாட்டான். பாறையேற்றக் குறும்படக்காரர்கள் கற்றுக்கொண்டு நம் செல்பேசிக்காரர்கள் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம் இதுதான்.

ஆனால் செட்டிநாட்டுச் சுற்றுவட்டாரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு எந்தப் பாறையிலும் ஏறிவிட முடியாது; ஏறவும் கூடாது. குன்றக்குடிக் குன்று, மயிலே மலையாகக் கிடக்கிறது என்று நம்பப்படும் முருகன் மலை. பிள்ளையார்பட்டிக் குன்றின் வயிற்றில் கற்பக விநாயகர் இருக்கிறார். பாரியின் பறம்பு என்று கருதப்படும் பிரான்மலையில் அடிவாரத்தில் சிவன் கோயிலும் உச்சியில் தர்காவும் இருக்கின்றன. திருமயம் கோட்டைப் பாறையும் சித்தன்னவாசலும் நார்த்தாமலைக் கோயில்களும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் அத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்த பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுமானங்களுக்கு அனுமதி தேவைப்படும் பகுதியாகவும் வைத்திருக்கின்றன. அங்கே ஆணி அடிப்பது, சாக்பொடி பூசுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ட்ரோனும் தொழில்முறைப் படப்பிடிப்பும் முன் அனுமதி இல்லாமல் கூடாது. சாக்பொடி என்பது மெக்னீசியம் கார்பனேட். கைவியர்வையை உறிஞ்சுவதற்காகப் பூசுவது. நிழலான பாறையில் அதன் வெள்ளைத் தடம் மழை கழுவும் வரை அப்படியே கிடக்கும். ஓவியமும் கல்வெட்டும் உள்ள ஊரில் அதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

சட்டத்துக்கு அப்பாலும் தடைகள் உண்டு. பாறை முகடுகளின் அடியில் மலைத்தேனீக்கள் பெரிய கூடு கட்டுகின்றன. அருகில் சத்தமிட்டாலே கூட்டமாக வந்து கொட்டும், கயிற்றில் தொங்குபவரால் ஓடவும் முடியாது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு, அதன் பாறைகளில் வாழும் வல்லூறு, ராசாளி வகைப் பறவைகளும் ஒரு காரணம். யோசெமிட்டியில் ஒவ்வோர் ஆண்டும் வசந்தகாலம் முதல் கோடையின் நடுப்பகுதி வரை வல்லூறுகள் கூடு கட்டும் பாறை முகங்களை மூடிவிடுகிறார்கள். ஏறுபவர்கள் அதை ஏற்றுக்கொண்டு வேறு பாறைக்குப் போகிறார்கள். இங்கே பறவைக்காகப் பாறையை மூடிய செய்தியைவிட, பாறையே காணாமற்போன செய்திதான் அதிகம். கீழவளவுப் பக்கத்தில் கிரானைட் குவாரிகள் தின்றுபோட்ட குன்றுகளின் இடத்தில் சதுரக் குளங்கள் நிற்கின்றன. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது, ஊர் திரண்டு நின்றதால். அந்த ஊர்க்காரர்களுக்குப் பாறை என்பது தெய்வமும் சுனையும் கண்மாய்க்கு வரும் தண்ணீரும். அதே பாறையில் ஏற வருபவர் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு தம்மைப் ‘பாறைச் சமூகம்’ என்று அழைத்துக்கொள்வது பொருந்தாது.

ஒரு படம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு ஹம்பி எடுத்துக்காட்டு. கிறிஸ் ஷர்மா என்ற அமெரிக்கர் அங்குள்ள கிரானைட் உருண்டைகளில் ஏறுவதைக் காட்டிய படம் 2003-இல் வந்தபின், துங்கபத்திரைக்கு அக்கரையில் உள்ள விருபாபுர கட்டி உலகப் போல்டரிங்காரர்களின் குளிர்காலக் கூடாரமாயிற்று. விடுதிகள் முளைத்தன, மெத்தை வாடகைக்கு விடும் கடைகள் வந்தன, உள்ளூர்ப் பையன்கள் ஏறக் கற்றுக்கொண்டார்கள். உலகப் பாரம்பரியத் தலத்தின் எல்லைக்குள் முறையற்றுக் கட்டியவை என்று அந்த விடுதிகளை இடிக்க 2020-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. சில நாட்களில் அவை தரைமட்டமாயின. அப்பாறைகளை உலகத்துக்குக் காட்டிய படத்தில் நிலம் யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை. அதைக் குறையாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை. இருபது வயது இளைஞர்கள் விளையாடப் போன படம் அது. ஆனால் இன்று ஒருவர் திருமயத்துக்கோ நார்த்தாமலைக்கோ அருகில் பெயரில்லாத பொட்டல் பாறை ஒன்றைக் கண்டுபிடித்துப் படம் எடுப்பதானால், அந்தக் கேள்வியைக் கேட்காமல் எடுப்பதற்கு இனிச் சாக்குச் சொல்ல முடியாது. ஊராட்சி, வனத்துறை, பட்டாதாரர், கோயில் நிர்வாகம் என்று யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டுவிட்டு, இடத்தின் வரைபடக் குறியைப் படத்தில் போடாமல் விடுவதே முறை.

படம் எடுக்கும் ஆற்றலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஏ.வி. மெய்யப்பன் 1940-களின் நடுவில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்த ஊர் இது. ‘நாம் இருவர்’ 1947-இல் அங்கிருந்துதான் வந்தது. இப்போது திருமணப் படம் எடுக்கும் பையன்களிடமே ட்ரோனும் நல்ல கேமராவும் இருக்கின்றன. 250 கிராமுக்கு உட்பட்ட சிறு ட்ரோன்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் சில சலுகைகளையும் தந்திருக்கின்றன. பருவமும் தெரிந்ததே: வெயிலில் காய்ந்த கல்லில் விரல் வியர்த்து வழுக்கும் என்பதால் கார்த்திகை மழை ஓய்ந்து மாசி வெயில் ஏறுமுன், விடியலில் இரண்டு மணி நேரம். இல்லாதது கயிறு பிடிக்கக் கற்ற ஆட்கள்தான். பெங்களூரிலும் சென்னையிலும் உள்ளரங்கச் சுவர்களில் பழகியவர்கள் வந்து முறையாகச் சொல்லிக்கொடுத்து, இரண்டு மூன்று பருவம் உடன் நின்றால்தான் அது வரும். அதற்குமுன் வரும் எந்தப் படமும் வெறும் துணிச்சல் காட்சியாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் செருப்புக்காலோடு பாறையில் ஏறும் பள்ளிப் பையனுக்கு அப்படம் எடுத்தவர்தான் பொறுப்பு.

வேட்டித் திரையில் படம் பார்த்த மறுநாள் காலை தம்பி மகனை அழைத்துக்கொண்டு, எங்கள் ஊருக்கு மேற்கே பட்டா நிலத்தில் கிடக்கும் ஒரு மொட்டைப் பாறைக்குப் போனேன். நிலத்துக்காரர், தலைமுறையாகக் கல்வேலை செய்தவர், என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டுவிட்டுக் கூடவே வந்தார். பையன் கை வைக்கப்போன ஏடு ஒன்றை எட்டி, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். நிறைந்த கல் வெண்கலம்போல் கணீரென்று சொல்லும், இது பொக்கு, பானைபோல் பேசுகிறது பாருங்கள் என்றார். சிலைக்குக் கல் தேர்பவர்கள் நாதம் பார்ப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பாறையேற்றக்காரர்களும் பிடியில் எடையைக் கொடுக்குமுன் தட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள் என்று பையன் சொன்னான். பிறகு கயிற்றைக் கீழேயே வைத்துவிட்டு, செல்பேசியில் ஒலிப்பதிவை மட்டும் திறந்து அவரிடம் நீட்டி, “ஐயா, இன்னொரு தடவை தட்டுங்க” என்றான். அன்று முழுவதும் அவர்கள் அந்தப் பாறையைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார்கள், யாரும் ஏறவில்லை.